அளவுகோலுக்குச் சிகிச்சை, குழந்தைக்குக் கருத்தரங்கு

இந்தியாவில் பசி ஒருபோதும் அநாதையாக இருந்ததில்லை. பொருளியல், புள்ளியியல், வேதியியல், மானுடவியல், கணினியியல் என்று அதைத் தத்தெடுக்க அத்தனை துறைகள் போட்டி போடுகின்றன. எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்தால் அதற்குப் ‘பல்துறை ஆய்வு’ என்று பெயர். மேடைக்குப் பின்னால் ‘உணவு அமைப்புகளும் ஊட்டச்சத்தும்’ என்று பதாகை தொங்கும். ஆராயப்படும் பொருள் மட்டும் ஏதோ ஓர் அங்கன்வாடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தரும் கணக்கு இது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது 11.3 சதவீதம் பேருக்குத்தான். மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு நம் துறைகள் ஒவ்வொன்றும் என்ன படியளந்தன என்று பார்ப்போம்.

முதல் மரியாதை பொருளியலுக்கு. பிள்ளை குள்ளமாக இருக்கிறதா? அப்படியானால் அளவுகோலைப் பாருங்கள் என்றது அது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோல் இந்தியர்களுக்குப் பொருந்தாது, மரபணு வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததால் ஊட்டக்குறைவு மிகையாகத் தெரிகிறது என்று 2013-இல் வாதிட்டார் அரவிந்த் பனகாரியா. 2015-இல் நிதி ஆயோக்கின் துணைத் தலைவரானார். அவர் குறை கண்ட அந்த அளவுகோல் ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவானது. அதில் ஒரு நாடு இந்தியா. அளக்கப்பட்டவர்கள் தெற்கு டெல்லியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள். நார்வே, ஓமான் பிள்ளைகளுக்குச் சமமாகவே அவர்கள் வளர்ந்திருந்தார்கள். ஆக, இந்திய மரபணு தெற்கு டெல்லியில் வளர்கிறது. ஜார்க்கண்டுக்குப் போனால் வளர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. என்ன சாமர்த்தியமான மரபணு! குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் எலும்பை நீட்டுகிறது.

அடுத்து புள்ளியியல். அதே ஆய்வின் நான்காம் சுற்றில் 58.6 சதவீதமாக இருந்த குழந்தைகளின் ரத்தசோகை, ஐந்தாம் சுற்றில் 67.1 ஆக ஏறியது. பெண்களிடம் 53.1-லிருந்து 57 ஆனது. அதிர்ந்துபோன அரசு உடனே நடவடிக்கை எடுத்தது: ஆறாம் சுற்றின் கேள்வித்தாளிலிருந்து ரத்தசோகையையே எடுத்துவிட்டது. விரல்நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம் துல்லியமாக இராது, ரத்தநாளத்திலிருந்து எடுத்துத் தனியாக வேறோர் ஆய்வு நடத்துவோம் என்று காரணம் சொன்னார்கள். அறிவியலாக அது சரியாகவே இருக்கட்டும். ஆனால், பழைய முறையிலும் ஒரு சுற்று அளந்து பக்கத்தில் வைத்திருந்தால், கூடியதா குறைந்ததா என்று ஊருக்குத் தெரிந்திருக்குமே? தெரிந்துவிடுமே என்பதுதான் பயம் போலிருக்கிறது.

வேதியியல் வந்தது. தவிட்டோடு சேர்த்து இரும்பையும் பி வைட்டமின்களையும் ஆலையில் உருவி எறிந்துவிட்டு வெள்ளை வெளேரென்று அரிசியைத் தீட்டுகிறோம். பிறகு குருணை மாவில் இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் பி12-ஐயும் பிசைந்து, அரிசி போலவே அச்சில் வார்த்து, நூறு அரிசிக்கு ஒன்று என்று கலக்கத் தொடங்கினோம். இதுதான் செறிவூட்டப்பட்ட அரிசி. நம் ரேஷன் கடை வாசலில் இதற்கு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பட்டப்பெயர். 2021 சுதந்திர தினத்தில் இதைப் பிரதமர் அறிவித்தார். 2028 டிசம்பர் வரை தொடர 17,082 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அரிசியைச் செறிவூட்டினால் ரத்தசோகை குறைகிறதா என்று உலக ஆய்வுகளை அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, பெரிய மாற்றம் இல்லாமல் போகலாம் என்று 2019-லேயே சொல்லிவிட்டது. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டும், அரிவாள்செல் நோயாளிகள் தவிர்க்க வேண்டும் என்று பையில் அச்சிட்டிருந்தார்கள். அந்நோய் மிகுந்த பழங்குடிப் பகுதிகளில் ரேஷன் அரிசி மூட்டையைப் பிரித்து அளந்து கொட்டப்படுகிறது. எச்சரிக்கை சாக்கோடு நின்றுபோகும். ஆபத்தில்லை என்று குழு ஒன்று சொன்னதும் 2024-இல் அந்த வாசகமும் நீக்கப்பட்டது. நல்லது, சாக்குக்காவது குணமாகிவிட்டது.

சமயவியலும் ஊட்டச்சத்துத் துறைதான் என்பது பலருக்குத் தெரியாது. பழங்குடி மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை தரலாம் என்ற யோசனையை 2015-இல் மத்தியப் பிரதேச முதல்வராக இருந்த சிவராஜ் சிங் சௌகான் நிராகரித்தார். கர்நாடகப் பள்ளிகளில் 2021-இல் முட்டை வந்தபோது மடாதிபதிகள் கொதித்தெழுந்தார்கள். மகாராஷ்டிரம் 2025 தொடக்கத்தில் முட்டைக்கான நிதியை நிறுத்தியது. முட்டையை உடைத்தால் பண்பாடு உடைந்துவிடுமாம். பிள்ளையின் எலும்பு உடைந்தால் பரவாயில்லை, அது மரபணு.

கணினியியல் தன் பங்குக்குச் செயலியோடு வந்தது. அங்கன்வாடியில் வீட்டுக்குத் தரும் சத்துணவுப் பொட்டலத்தைப் பெற, 2025 ஜூலை முதல் தாயின் முகத்தைக் கைபேசி அடையாளம் காண வேண்டும். வயிற்றைப் பார்க்கச் சொன்னால் முகத்தைப் பார்க்கிறார்கள். சிக்னல் இல்லாத மலையூரில், ஊழியர் கைபேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இந்தப் பெண் இந்தப் பெண்தான் என்று மேகத்திடம் சான்று வாங்க.

இதற்கு முன்னோட்டத்தை ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் 2017-லேயே பார்த்துவிட்டது. ஆதாரோடு இணைக்கவில்லை என்று ஒரு குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தானது. துர்கா பூஜை விடுமுறையால் பள்ளியும் மூடியிருந்தது; மதிய உணவும் இல்லை. செப்டம்பர் 28-இல், சோறு கேட்டபடியே பதினொரு வயதுச் சிறுமி செத்துப்போனாள். கடைசியாக மருத்துவத் துறைக்கும் வேலை வந்தது: நிர்வாகம் அதை மலேரியா என்றது. கொசுவிடம் ஆதார் கேட்காமல் விட்டதே, அது பெரிய மனது!

இத்தனை துறைகளில் ஒன்றுக்கு மட்டும் மேசையில் நாற்காலி இல்லை. அது சமையல். பள்ளி மதிய உணவைப் பொங்கிப் போடும் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, மத்திய அரசின் கணக்குப்படி மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அதுவும் வருடத்தில் பத்து மாதம்தான். 2009-இல் நிர்ணயித்த தொகை இன்றும் அப்படியே நிற்கிறது. சில மாநிலங்கள் மேலே சேர்த்துத் தருகின்றன. சேர்க்காத ஊரில் நாள் கூலி நாற்பது ரூபாய். தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, விறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து 2025 மே முதல் நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசு. அந்தக் காசுக்குள் தட்டை நிரப்புகிறவளைவிடப் பெரிய பொருளியல் அறிஞர் யாரய்யா இருக்கிறார்?

தமிழன் இங்கே மார்தட்ட வேண்டாம். 1982-இல் சத்துணவை விரித்தோம், பள்ளி நாள் ஐந்திலும் முட்டை தருகிறோம், காலை உணவும் போடுகிறோம், எல்லாம் மெய். அதே குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் நம் குழந்தைகளிடம் ரத்தசோகை 57.4 சதவீதம் என்பதும் மெய்.

ஆய்வே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முட்டையும் பருப்பும் பாலும் சுத்தமான தண்ணீரும் அம்மாவுக்கு நியாயமான கூலியும் இருந்தால் பிள்ளை வளரும் என்று ஆய்வாளர்களே பல முறை நிறுவியாயிற்று. பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரிலேயே உத்தரவிட்டாயிற்று. விடை தெரிந்த கணக்கை மறுபடி மறுபடி போட நிதி கேட்பவனுக்கும், அந்த விடையைக் கோப்புக்கு அடியில் செருகுபவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

ஆராய்ந்தே தீர வேண்டுமென்றால் புதுத் தலைப்பு ஒன்று இருக்கிறது. எந்த அமைச்சர் கையெழுத்தில் எத்தனை முட்டை நின்றது, எந்த அதிகாரி குறிப்பில் எத்தனை அட்டை ரத்தானது, அந்த வருடம் அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை கிலோ இழந்தார்கள்? பெயர், பதவி, தேதியோடு அட்டவணை போடுங்கள். அந்த ஆய்வுக்கு எந்த அறக்கட்டளை பணம் தருகிறது, எந்தத் துறைத்தலைவர் கையெழுத்திடுகிறார் என்று பார்ப்போம்.