பட்டினி கிடந்தவரின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்:
தைராய்டு மாத்திரை போடும் ஒரு குடித்தனக்காரர்,
ஆறாவது மாடி (லிஃப்ட் கிடையாது),
அனோரத்தா சாலை அருகில், யாங்கூன்.

பெறுநர்:
வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கும் பரிசோதனைக்கூடத்தின் மேலாளர் அவர்கள், யாங்கூன்.

பொருள்: தங்கள் அறிவுரைத் தாளுக்கு நன்றி கூறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ‘12 மணி நேரம் வெறும் வயிறு’ என்று ஆணையிட்டீர்கள். அப்படியே கிடந்தேன். விடிந்ததும் தெருமுனை மொஹிங்காக் கடையின் வாசனை ஆறு மாடி ஏறி வந்துவிட்டது. காலை 7 மணிக்கு வரவேண்டிய தங்கள் ஊழியர்தான் வரவில்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். 2003 முதல் இந்த ஊரில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. பஸ்ஸில் நசுங்கி இறங்கிப் படியும் ஏற வேண்டும். இங்கே மாடிக்கு மாடி கயிறு தொங்கவிட்டுத்தான் பேப்பரையும் காய்கறியையும் மேலே இழுக்கிறோம். அதே கயிற்றில் என் கையை இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தங்கள் தாளில் அதற்கு விதி இல்லை.

உச்சி வெயிலோடு வந்து ரத்தம் எடுத்தார். ஆனால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் தங்கள் அலுவலகம் போல் அல்ல ஐயா, நேரம் தவறாதது. இரவில் ஏறும், பகல் ஏற ஏற இறங்கும். போன முறை விடியலில் எடுத்ததையும் இந்த முறை நண்பகலில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து டாக்டர் எதை ஒப்பிடுவார்?

இத்தனைக்கும் தைராய்டு மட்டும் பார்ப்பதற்குப் பட்டினி கட்டாயமில்லையாம். சர்க்கரை நோயாளிக்கு அடித்த தாளையே எங்களுக்கும் நீட்டிவிட்டீர்கள் போலும்.

தாளில் இல்லாதவை இவை: லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். முன்பே போட்டால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு சில மணி நேரம் கூடுதலாகக் காட்டும். மாத்திரை அளவை மாற்றினால் மறு பரிசோதனைக்கு ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் பயோட்டின். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் பயோட்டின் மாத்திரை வாங்குவோம். அதுவோ சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, குறைந்த தைராய்டை மிகுந்த தைராய்டாக்கிவிடும். இரண்டு நாளாவது முன்னதாக நிறுத்த வேண்டும். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பயோட்டின் பற்றி 2017-லேயே எச்சரித்துவிட்டது. தங்கள் அச்சகத்துக்குத்தான் செய்தி இன்னும் எட்டவில்லை.

ஆகவே, மேற்கண்ட மூன்றையும் தாளில் சேர்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். இடம் போதாதென்றால், ‘முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்தவும்’ என்ற வரி தடித்த எழுத்தில் நான்கு இடத்தில் இருக்கிறது. மூன்றை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்திய
தங்கள் வாடிக்கையாளர்