மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், நான்

என் மச்சினன் துபாய்க்குப் போகும்போது தன்னுடைய ஃபைபர் வள்ளத்தை என் பொறுப்பில் விட்டுப் போனான். "வாரத்துக்கு ஒரு தடவை எஞ்சினை ஓட்டிப் பாருங்கத்தான், வேற எதையும் தொடாதிய" என்றான். பின்பாதி என் காதில் விழவில்லை.

எஞ்சின், வள்ளத்தின் பின்பக்கம் மாட்டுகிற அவுட்போர்டு. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 9.9 குதிரைத்திறன். செருப்புக் கடை விலை மாதிரி அதென்ன 9.9 என்று எனக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம். அவுட்போர்டைக் கடைச்சரக்காக்கிப் பரப்பியவர்களில் ஓலே எவின்ரூட் என்ற அமெரிக்கர் முக்கியமானவர், 1909-லிருந்து விற்றார். கட்டிக்கொள்ளப்போகும் பெண் ஐஸ்கிரீம் கேட்டாளாம். ஏரியில் துடுப்புப் போட்டு வாங்கி வருவதற்குள் உருகிப்போனதாம். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்த யோசனை என்று கதை சொல்வார்கள். என் வீட்டில் அந்தக் கவலையே இல்லை. நான் எதை வாங்கி வந்தாலும் "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், பக்கத்து வீட்டுப் பையனோடு வள்ளத்தை இறக்கினேன். பத்து நிமிஷம் பறந்தது. பிறகு, கல்யாண வீட்டில் மூன்றாம் பந்திக்குப் பரிமாறுகிறவர் மாதிரி தளர்ந்தது. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினாலும் அதே முனகல். துடுப்புப் போட்ட ஒரு தோணி எங்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்த பெரியவர் கையாட்டினார். பெட்ரோல் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பம்ப் வாடிய கத்தரிக்காயாகச் சப்பிக் கிடந்தது. பழைய ரப்பர், அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டினேன். இந்தக் கத்தரிக்காயை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக் கொல்லையில் பலகை அடித்து எஞ்சினை மாட்டி, கீழ்ப்பாதியைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டு ஓட்டினேன். தங்கமாக ஓடியது. வெளியே மக்கர், வீட்டில் தங்கம் என்றால் கோளாறு ஆழமானது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், குறைந்துவிட்டது என்று தீர்மானித்து, அதை அளக்கிற கேஜ் ஒன்றும் வாங்கினேன்.

முறை எளிது. இரண்டு பிளக்கையும் கழற்றி, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி கில் சுவிட்சின் கிளிப்பை உருவிவிட்டு, பிளக் ஓட்டையில் கேஜைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சங்கதி இருக்கிறது. இரண்டு பேர் கட்டில் தூக்குகிற மாதிரிதான். இருவரும் நோஞ்சானாக இருந்தால்கூட மெதுவாகக் கொண்டுபோய்விடலாம்; ஒருவன் மட்டும் நோஞ்சான் என்றால் நிலைப்படி உடையும்.

மேல் சிலிண்டர் 115 காட்டியது. கீழ் சிலிண்டர் 80. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அடுத்த சோதனையும் தெரியும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம்; எண்ணெய் அந்த இடுக்கை அடைக்கிறது. ஏறாவிட்டால் கேஸ்கட், அல்லது அதைவிடப் பெரிய செலவு. கைக்கு அகப்பட்டது நெய்க் கரண்டி. டீ குடித்து, சற்று உட்கார்ந்து, பிறகு இழுத்தேன். 110! ரிங்தான். அன்று மாலையே நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ரிங் செட் வாங்கிவிட்டேன்.

எஞ்சினைப் பிரிக்க மட்டும் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் முதலில் டிரம்மில் ஓட்டினான். நான் ஊற்றிய எண்ணெய் புகையாகக் கிளம்ப, கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு கேஜை வாங்கி அளந்தான். மேலே 116, கீழே 114.

"அண்ணாச்சி, மேல எத்தன இழுப்பு இழுத்திய?"

"ஏழெட்டு இருக்கும்."

"கீழ?"

மூன்று. அதிலும் கடைசி இழுப்பில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

"முள்ளு ஏறாம நிக்க வரைக்கும் இழுக்கணும் அண்ணாச்சி. ரெண்டுக்கும் ஒரே மாதிரி. இது சிலிண்டர் கம்ப்ரெஷன் இல்ல, உங்க கம்ப்ரெஷன்."

ஏழெட்டு இழுப்பு, மூன்று இழுப்பு, டீ குடித்த பின் ஏழெட்டு இழுப்பு. என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

பிறகு அவன் பெட்ரோல் டேங்கின் மூடியைப் பார்த்தான். மேலே காற்றுத் துளைக்குச் சின்னதாக ஒரு திருகு உண்டு. ஸ்கூட்டரில் கொண்டுபோகும்போது வேட்டியில் சிந்தக்கூடாதென்று அதை இறுக்கியவன் நானேதான். பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே காற்று போக வழியில்லை. அதனால் ரப்பர் பம்ப் சப்பிப்போகிறது, எஞ்சின் பட்டினி கிடக்கிறது. டிரம்மில் சும்மா உறுமுகிற எஞ்சின் கொஞ்சமாகக் குடிப்பதால் அங்கே இது தெரியவில்லை. தம்பி திருகை இரண்டு சுற்று திறந்தான். 'புஸ்' என்று ஒரு சத்தம். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சரியாயிட்டா? அதுக்குள்ளயா?" என்றாள்.

தம்பி காசு வாங்க மறுத்துவிட்டான். அதுதான் அதிகமாக வலித்தது.

நெய்க் கரண்டி புதிதாக வாங்கியாயிற்று. இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கான பிஸ்டன் ரிங் செட் ஒன்று என்னிடம் இருக்கிறது. உறை பிரிக்கவில்லை, பில்லும் பத்திரம். வேண்டுகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். மச்சினன் லீவில் வருவதற்குள் வந்தால் விலையில் பார்த்துச் செய்கிறேன்.