கதவு திறக்கும் நாய்க்குட்டி

கேள்வி: சினிமா ஹேக்கர் பத்து நொடியில் வங்கியையே திறக்கிறாரே! நம்பும்படி எடுத்த தொடர் எதுவும் உண்டா?

பதில்: உண்டு, 'மிஸ்டர் ரோபோட்'. 2015 முதல் 2019 வரை அமெரிக்காவில் வந்தது. மூன்றாம் சீசன் தொடக்கத்தில் ஹேக்கர்கள் போட்டி ஒன்று வரும். நிரலில் ஓட்டை தேடி, ஒளித்துவைத்த 'கொடி'யை எடுப்பவருக்குப் புள்ளி. அதில் காட்டும் மைன்ஸ்வீப்பர் புதிர், 2012-ல் ஜெர்மனியில் நிஜப் போட்டியில் கேட்கப்பட்டதேதான்! எவ்வளவு சிரத்தை பாருங்கள்.

எனக்குப் பிடித்தது முதல் எபிசோட். நாயகன் எலியட் பூட்டை உடைக்கவில்லை. வங்கி ஆள் போல ஒருவருக்குப் போன் செய்து, முகவரி, பிடித்த பேஸ்பால் அணி, செல்லப்பிராணியின் பெயர் என்று விசாரிக்கிறான். அவரும் சொல்கிறார். பாஸ்வேர்டுக்கு அதுவே முக்கால் சாவி.

உங்கள் பாஸ்வேர்டில் நாய்க்குட்டி பெயர் இருந்தால், இன்றே மாற்றிவிடுங்கள்.