தேன் திருடர் குடும்பம்: ஒரு வகைப்பாட்டு விசாரணை

தரைக்கரடி கரடி அன்று, நீர்நாய்க்குப் பங்காளி. ஆயினும் பெயர் வைத்த நம்மவரைப் பழிப்பதற்கில்லை. 1758இல் வகைப்பாட்டு அறிஞர் லின்னேயஸே ஐரோப்பிய வளைக்கரடியைக் கரடிகளின் பந்தியில்தான் உட்கார்த்தினார். 1776இல் இயற்கையியலாளர் ஷ்ரெபர் தரைக்கரடியைப் புனுகுப்பூனைகளோடு அமர்த்தினார். பின்வந்தோர் இரண்டையும் எழுப்பி நீர்நாய்ப் பந்திக்கு அனுப்பினர். பல்லையும் நகத்தையும் பார்த்தவர்களுக்கே இக்கதி என்றால், செய்யும் தொழிலைப் பார்த்து வகுத்தால் என்ன கெட்டுவிடும்? தொழிலால் சாதி பிரிப்பது இந்நாட்டுக்குப் புதிதும் அன்று. அவ்வாறு வகுத்தால் தரைக்கரடியும், முதுகில் மண்டையோடு வரைந்த அந்துப்பூச்சியும் ஒரே குடும்பம் என்பது எம் துணிபு. இரண்டும் தேன்கூட்டில் கன்னம் வைப்பவை. முன்னது நகத்தால் கூட்டைப் பிளக்கும். கொட்டு வாங்கத் தடித்த தோல் உண்டு. பின்னதற்குக் குட்டையான, முரட்டு உறிஞ்சுகுழல். பூவுக்குள் நீளுவதற்கன்று, மெழுகு மூடியைக் குத்துவதற்கே. இவ்வந்தின் ஆப்பிரிக்க இனத்தின் உடம்பிலோ தேனீக்கு உரிய கொழுப்பமிலங்களே உள்ளன. இருட்டில் காவலாளி முகர்ந்தால் வீட்டு ஆள் வாசம்.

ஒன்றுக்கு நாலு கால், மற்றதற்கு ஆறு காலும் இறக்கையும், எப்படி ஒன்றாகும் எனின், கூட்டை இழந்த தேனீ கால்களை எண்ணிக்கொண்டிருக்காது. தரைக்கரடி பாம்பும் தேளும் தின்னும், கூட்டிலும் அது தேடுவது பெரும்பாலும் புழுக்களைத்தானே எனின், அது வலுவான தடைதான். ஆனால் அந்தும் பிறவியிலேயே தேன்குடியன் அன்று. நம் எள் வயலில் இலை தின்னும், வால்நுனியில் கொம்பு வைத்த பருத்த புழு அதன் பிள்ளைப் பருவமே.

பாதுகாப்பு நிலை வேறாயிற்றே என்பர் சிலர். எண்ணுவோரின் நாட்டம்தான் வேறு. தரைக்கரடியைப் பற்றிக் கவலை குறைவு என்கிறது உலகச் சிவப்புப் பட்டியல். 1972ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குச் சட்டமோ அதைப் புலியோடு முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. ஒரே விலங்குக்கே இரண்டு சாதகம்! அந்துகளில் ஏறத்தாழ 1,60,000 இனங்கள். பெரும்பாலானவற்றுக்குச் சாதகமே கணிக்கப்படவில்லை. சந்தையிலும் இதே பாகுபாடுதான்: தென்னாப்பிரிக்காவில் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை உயரத் தாங்கியில் ஏற்றி, தரைக்கரடிக்கு இணக்கமான தேன் என்று போத்தலில் முத்திரை ஒட்டி விற்றதுண்டு. அந்துக்கோ பெட்டியின் வாசலைச் சுருக்கினால் முடிந்தது காரியம். அதற்கென்று முத்திரை ஒட்டுவார் யாருமில்லை.