மாசிப் பனியிலிருந்து அத்தியைக் காப்பது எப்படி? ஒரு திருவொற்றியூர் கையேடு

முதலில் நர்சரியில் ஒரு சீமை அத்தி வாங்குங்கள். நாட்டு அத்தி வேண்டாம். அது யார் தயவும் இல்லாமல் வளர்ந்து, தண்டிலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தள்ளும். அதை வைத்துக்கொண்டு கையேடு எழுத முடியாது.

அடுத்து, செடியைத் தூங்க வையுங்கள். குளிர்நாட்டில் சீமை அத்தி இலையை உதிர்த்துவிட்டுப் பனிக்காலம் முழுக்க உறங்கும். உறக்கத்தில் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி தாங்கும். தளிர் விட்டபின் லேசான உறைபனிக்கே கருகும். அதனால்தான் நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியர்கள் மரத்தைத் துணி சுற்றிக் கட்டினார்கள். சிலர் வளைத்து மண்ணில் புதைத்தே வைத்தார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் தூக்கம் கணக்கில் சேரும் என்பது பழத்தோட்டக்காரர்களின் வழக்கம். சென்னையில் பதிவான ஆகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரி, அதுவும் 1895இலும் 1905இலும். நம் செடி பிறந்ததிலிருந்து கண் மூடவில்லை.

தீர்வு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறது. விடிகாலை தொட்டியை அணைத்தபடி ஷேர் ஆட்டோவில் போய், ஐஸ் பார் உடைக்கிற இடத்தில் நின்றேன்.

"இன்னா சார், மீன் எங்க?"

"மீன் இல்லண்ணே, செடி. கொஞ்சம் தூங்க வெக்கணும்."

செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வூட்ல சொல்லிட்டுத்தான வந்த?"

இனி பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் மாடியில் அது துளைப்பதில்லை, கறுப்பாகப் படிகிறது. வல்லூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். பெயரில் அத்தி, உலையில் நிலக்கரி. வெளிநாட்டில் கிளைக்குக் கதகதப்பூட்ட சீரியல் பல்பு சுற்றுகிறார்களாம். நமக்கு அந்த பல்பை எரிக்கிற அடுப்பே பக்கத்துத் தெருவில் இருக்கிற மாதிரி.

கோணிப்பை சுற்றிப் பார்த்தேன். வேலை செய்தது, சாம்பலுக்கு. ஆனால் பத்து நாளில் உள்ளே இருந்த இலைகள் மஞ்சளாகிவிட்டன. பிரித்துவிட்டேன்.

அடுத்து வந்த தளிரின் ஓரம் பழுப்பாகக் கருகியதும் "பனி, பனி" என்று குதித்தேன். கடலைப் பார்த்த பக்கம் மட்டும்தான் கருகியிருந்தது. உப்புக்காற்று. பனிக்கருகலும் உப்புக்கருகலும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்; கையேடுகள் தம்பியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சாம்பலுக்கும் உப்புக்கும் மருந்து ஒன்றுதான்: காலையில் இலையின் மேலும் கீழும் நல்ல தண்ணீரால் கழுவுவது. போர் தண்ணீர் வேண்டாம், அது உப்புக்கு மேல் உப்பு. மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் போதும். லாரி வரும் நாளில் வரிசையில் நிற்கும்போது, இது செடிக்கு என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.