மனதுக்குள் ஒரு பாசஞ்சர்

கேள்வி: ஒருமுறை பார்த்த பக்கத்தை போட்டோ பிடித்ததுபோல் மனதில் வைத்திருப்பவர்கள் உண்டாமே? என் மகளுக்கும் அந்தப் பயிற்சி கொடுக்கலாமா?
- பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை, ஒலக்கூர்

பதில்: உண்டு, சினிமாவில்! ஆய்வுக்கூடத்தில் இதுவரை யாரும் ஐயமறத் தேறவில்லை. சில குழந்தைகளுக்குப் பார்த்த படம் கொஞ்ச நேரம் கண்முன் நிற்கும். அதிலும் பிழை வரும்.

ஆனால் பயிற்சி பலிக்கும். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனிப்பது) செய்தார். முதுகில் வந்து விழும் பொருள்களை எண்ண வேண்டும், மணியோசைக்குக் கணக்கு வைக்க வேண்டும், நடுவில் வெண்பாவும் பாட வேண்டும். (நமக்கோ அடுப்பில் பால் இருக்கும்போது போன் வந்தாலே போச்சு!) 1981-இல் மங்களூரில் 'பை' எண்ணின் 31,811 இலக்கங்களை ஒப்பித்தார் ராஜன் மகாதேவன். அவருக்கே எண்களுக்குப் பதில் வெறும் குறிகளைக் காட்டியபோது, சாதாரண ஆட்கள் அளவுக்குத்தான் நினைவில் நின்றது.

ஆக, கைகொடுப்பது பயிற்சிதான். பாடம் நினைவில் நிற்க ஒரு வழி: உங்கள் மகளை ஒலக்கூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏற்றிவிடுங்கள், மனதுக்குள்தான். பாடத்தின் முதல் குறிப்பைப் பாஞ்சாலத்தில் இறக்கட்டும், அடுத்ததைத் திண்டிவனத்தில். பிறகு மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். விழுப்புரம் வரும்போது ஏழு குறிப்பு கையில். குறிப்பு எவ்வளவு கோமாளித்தனமான உருவத்தில் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. மறுநாளும், அடுத்த வாரமும் புத்தகத்தை மூடிவிட்டு அதே வண்டியில் ஏறச் சொல்லுங்கள்.

ஞாபகசக்தி லேகியத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். விடிய விடிய உட்காரவைக்காமல் பிள்ளையைத் தூங்க விடுங்கள். படித்தது படிவது தூக்கத்தில்தான்.