இட்லிக்காரப் பிள்ளையும் சப்பாத்திக்காரப் பிள்ளையும்

1967-ல் தாராவியில் என்னைப் பால்வாடியில் சேர்த்தபோது பிறந்த தேதி, எடை, உயரம் எதையும் யாரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் ‘மதராஸி’ என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? தெலுங்கர், மலையாளி, கன்னடக்காரர், நாங்கள் எல்லோருமே அப்போது பம்பாயில் மதராஸிகள்தான். மொழிக்கென்று ஒரு மாநிலம் வேண்டும் என்று போராடி 1960-ல் மகாராஷ்டிரத்தை வாங்கியவர்களுக்கு, தெற்கே நாலு மொழி இருப்பது மட்டும் ஏனோ மறந்துபோயிருந்தது.

டீச்சரைப் ‘பாயி’ என்போம். நல்ல மனுஷி. சிவசேனை தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். மதராஸிகள் வந்து வேலைகளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று வெளியே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாயி தன் புடவைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். இதில் பாதி என் நினைவு, பாதி அம்மா சொல்லிக் கேட்டது.

தொல்லை பாலில் ஆரம்பித்தது. பவுடரைக் கரைத்து வெதுவெதுப்பாகக் கொடுப்பார்கள். அந்த வாசம் எனக்குக் குமட்டும். உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன். பாயி யோசித்தார். மதராஸிப் பிள்ளை, இட்லி கேட்கிறது. மாட்டுங்கா உடுப்பி ஓட்டலிலிருந்து சொந்தக் காசில் இட்லி வாங்கிவரச் செய்தார்.

எங்கள் அப்பா தோல் கிடங்கில் கூலி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பம். ரேஷனில் போட்ட அமெரிக்க மைலோச் சோளத்தில் கஞ்சி காய்ச்சிக் குடித்த வீடு. இட்லி எங்களுக்குக் கிறிஸ்மஸ் பலகாரம். சும்மா கிடைத்தால் விடுவேனா? எல்லாவற்றையும் விழுங்கினேன். பாயிக்குப் பரம திருப்தி. அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் செய்கிற மாதிரியே தினமும் கொடுத்துவிடச் சொன்னார். அம்மா திருதிருவென்று விழித்திருக்கிறாள். இட்லிப் பானை ஊரில் ஆச்சி வீட்டில் இருந்தது.

குழந்தைகள் தினத்துக்குப் பாரத மாதாவைச் சுற்றி மாநிலத்துக்கு ஒரு பிள்ளையை நிறுத்தினார்கள். என் நெற்றியில் மூன்று பட்டை திருநீறு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

இதெல்லாம் அறியாத காலம். இப்போது அப்படியில்லை. இது திருப்பூர், பேத்தியை அங்கன்வாடியில் விட்டுக் கூட்டிவருவது என் வேலை. தமிழ்நாட்டில் இப்படி 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு மூன்று முட்டை, வகைவகையாய்க் கலவைச் சாதம். டீச்சர் கையில் போன். போனில் ‘போஷன் டிராக்கர்’ செயலி. 2021-ல் வந்தது. ஆதார், எடை, உயரம் எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தைக்கூட இப்போது அது சரிபார்க்கிறது.

ஒடிசாவிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அப்பா பனியன் கம்பெனியில் டைலர், அம்மா செக்கிங். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற குடும்பம். பையன் கதவோரம் உட்கார்ந்தான். தக்காளிச் சாதத்தை வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டான்.

“வடக்கத்திப் புள்ளைங்கப்பா, சோறு எங்க எறங்கும்?” என்றார் டீச்சர் என்னிடம். மறுநாள் விடியலில் எழுந்து மாவு பிசைந்து, சுடச்சுட ஹாட்பாக்ஸில் சப்பாத்தி கொண்டுவந்தார். சம்பளத்துக்குள் இல்லாத வேலை. யாரும் சொல்லாமல் செய்தது. பையன் சப்பாத்தியை ஏதோ விளையாட்டுச் சாமானைப் போலப் புரட்டிப் பார்த்தான், கீழே வைத்தான். என் பேத்தி இரண்டு சாப்பிட்டாள்.

ஒடிசா நம்மைப் போலவே சோறு தின்கிற தேசம். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, புளித்ததும் உப்பும் வெங்காயமுமாய்ச் சாப்பிடுகிற ‘பகால’தான் அவர்கள் வெயில்காலச் சாப்பாடு. மார்ச் 20-ஐ அதற்கென்று ஒரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். அந்தப் பையனுக்கும் நமக்கும் நடுவே ஒரு சட்டி பழைய சோறுதான் இடைவெளி. ஆனால் திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கிய கணமே அவன் ‘ஹிந்திக்காரப் பையன்’ ஆகிவிட்டான். வங்காளி, அசாமி, ஜார்க்கண்ட்காரன் எல்லோருமே இங்கே ஹிந்திக்காரர்கள்தான். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, அப்போது பயந்து ரயிலேறியவர்களில் பீகாரி யார், ஒடியா யார் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பையனின் அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டவர் மையத்து ஆயாம்மா. கம்பெனியில் கற்ற தமிழ் அவளிடம் கொஞ்சம் இருந்தது: “ரைஸ், தண்ணி போட்டு, நைட்டு வெச்சு.” ஆயாம்மா சிரித்துவிட்டார். மறுநாள் தன் தூக்குப் போசியிலிருந்து ஒரு கை பழைய சோற்றைக் கரைத்துக் கொடுத்தார். மெனுவில் இல்லாத பண்டம். அதிகாரி வந்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பார். பையன் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தான். பிறகு கதவோரத்திலிருந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தான். அடுத்த வாரம் தக்காளிச் சாதமும் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 15-க்கு மாறுவேடம். அவனுக்கு ஒரு சிவப்பு ராஜஸ்தான் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். அவன் அம்மா ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து போனில் படம் எடுத்தாள். அவளும் கைதட்டினாள்.

தீபாவளி போனஸுக்குப் பிறகு அவர்கள் பெருந்துறைக்கு மாறிவிட்டார்கள். இடம்பெயர்ந்த குழந்தையைப் புது மையத்துக்கு மாற்ற அந்தச் செயலியிலேயே வசதி இருக்கிறது. டீச்சர் தட்டிவிட்டார். எடை 12 கிலோ, உயரம் 93 சென்டிமீட்டர், தாயின் ஆதார் எண் எல்லாம் பிசகாமல் போய்ச் சேர்ந்தன. என்ன சாப்பிடுவான் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.